கம்பளத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பழைய துருக்மேன் கம்பளங்களின் கோளாறுகளை அறிகுறி கொண்டு தீர்த்தல்

பழைய கம்பளத்தில் ஏதாவது மாறுதல் கண்ணில் பட்டதும் கை தண்ணீரையும் சோப்பையும் தேடிப் போகிறது. பழுது பார்க்க என்னிடம் வந்த துண்டுகளில் பெரும்பாலானவை வயதாலோ பூச்சியாலோ மட்டும் கெட்டவை அல்ல. காப்பாற்ற நினைத்தவர் அவசரப்பட்டதால் கெட்டவை. அதனால் இந்த வழிமுறையை அறிகுறிப்படி எழுதுகிறேன். உங்கள் கம்பளத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டும்.

நான் பேசுவது தெக்கே, யோமுத், சலோர், சாரிக், எர்சாரி போன்ற துருக்மேன் குலங்களின் முடிச்சுக் கம்பளங்களைப் பற்றி. காராகும் பாலையைச் சுற்றியும், அமு தர்யா ஆற்றோரத்திலும், வடகிழக்கு ஈரானிலும், வட ஆப்கானிஸ்தானிலும் நெய்யப்பட்டவை. நெய்தவர்கள் பெண்கள். தரையில் முளையடித்துக் கிடத்திய தறியில் நெய்தார்கள். தரையில் விரிக்கும் கம்பளம் மட்டுமல்ல, கூடாரத்துக்குள் பொருள் வைக்கும் சுவால் பை, சிறிய தோர்பா பை, கூடார வாசலில் தொங்கும் என்சி, கல்யாண ஊர்வலத்தில் ஒட்டகத்தின் விலாவில் தொங்கவிடும் ஐங்கோண அஸ்மாலிக் எல்லாம் இதே முடிச்சு வேலைதான். சந்தையில் இவற்றுக்கு நெடுங்காலமாகப் 'பொக்காரா' என்று பெயர். புகாரா நகரச் சந்தையில் விற்றதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பலூச் கம்பளங்களுக்கும் கீழே சொல்வது ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

எதற்கும் முன்னால்: பின்புறம்

கம்பளத்தைக் கவிழ்த்துப் போடுங்கள். வெயிலும் காலடியும் முகப்பைத்தான் மாற்றுகின்றன. முடிச்சின் முதுகு பின்புறத்தில் இருக்கிறது. நெய்த நாளின் நிறம், வெட்டி ஒட்டிய தழும்பு, பூச்சி தின்ற இடம், பிறர் செய்த பழுது, எல்லாம் அங்கேதான் தெளிவாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில், ஒரு பூதக்கண்ணாடியோடு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பொறுமையாகப் பாருங்கள்.

அடுத்து, பாவு நூல், அதாவது முடிச்சுகளைத் தாங்கி நீளவாக்கில் ஓடும் அடிநூல், எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். குஞ்சத்தில் தானாகத் தொங்கும் ஓர் இழையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெட்டி, இடுக்கியில் பிடித்து, கம்பளத்திலிருந்து தள்ளி நின்று தீயில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, தீயை எடுத்ததும் அணைந்து, விரலில் பொடியும் கரிய உருண்டை மிஞ்சினால் கம்பளி. காகிதம் எரியும் வாடையோடு எரிந்துகொண்டே போய் மெல்லிய சாம்பல் மிஞ்சினால் பருத்தி. பழைய துருக்மேன் வேலையில் பாவு கம்பளிதான், சிலவற்றில் வெள்ளாட்டுமயிர் கலந்திருக்கும். பருத்திப் பாவு இருந்தால் பிற்காலத்துப் பட்டறை வேலையாகவோ, பாகிஸ்தானில் அதே வடிவத்தில் நெய்த 'பொக்காரா'வாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். இதை நான் விலை பேசுவதற்காகச் சொல்லவில்லை. கம்பளிப் பாவு பூச்சிக்கு உணவு, பருத்திப் பாவு ஈரத்துக்கு இரை. எந்த ஆபத்துக்கு அஞ்ச வேண்டும் என்பது இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

மூன்றாவது, சாயச் சோதனை. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் தனித்தனியாக இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நீங்கள் பயன்படுத்த நினைக்கும் சோப்பைக் கரைத்த நீரிலும் இதையே மறுபடி செய்யுங்கள். வெறும் நீருக்குக் கசியாத சாயம் சோப்பு நீருக்குக் கசிவதுண்டு. சிவப்பில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. ஒரே கம்பளத்தில் ஒரு சிவப்பு வேர்ச்சாயமாகவும், பக்கத்திலுள்ள ஆரஞ்சு ஆலைச்சாயமாகவும் இருக்கும்.

கடைசியாக மண். சுத்தமான வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் கம்பளத்தை முகம் கீழாகக் கிடத்தி, பின்புறத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். தூக்கிப் பார்த்தால் விரிப்பில் மணல் கோடாக நிற்கும். அடி முடிச்சில் தங்கும் இந்த மணல்தான் ஒவ்வொரு காலடியிலும் ரோமத்தை, அதாவது முகப்பில் நிற்கும் முடிச்சு நுனிகளை, வேரில் அறுக்கிறது. விரிப்பை உதறி, மணல் விழாத வரை திரும்பச் செய்யுங்கள். கொடியில் போட்டுக் கம்பால் அடிக்காதீர்கள். நூறு வயதுப் பாவு அந்த அடியைத் தாங்காது.

வெள்ளைப் பகுதியில் சிவப்பு பரவியிருக்கிறது

இந்தக் கோளாறு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் நெய்தவற்றில் வருகிறது. அதற்கு முன் துருக்மேன் சிவப்பு மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து வந்தது. படிகாரத்தில் ஊறவைத்த கம்பளி அந்தச் சாயத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். நம் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பு தந்த சாயவேரும் அதே தாவரக் குடும்பம், இரண்டிலும் நிறம் தரும் பொருள் அலிசரின். நீலம் நமக்குத் தெரிந்த அவுரி தரும் நீலமேதான். இவை தண்ணீருக்கு எளிதில் இறங்குவதில்லை.

1856இல் வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1881 ஜனவரியில் துருக்மேன்களின் கோக் தெப்பே கோட்டை ரஷ்யப் படையிடம் வீழ்ந்தது. காஸ்பியன் கரையிலிருந்து 1880இல் போடத் தொடங்கிய ரயில் பாதை 1888இல் சமர்கந்தை எட்டியது. அதன் பிறகு ஆலைச் சாயப் பொட்டலங்கள் துருக்மேன் சந்தைகளுக்கு எளிதாக வந்து சேர்ந்தன. நாள்கணக்கில் வேர் காய்ச்ச வேண்டாம், நிறமும் கண்ணைப் பறிக்கும். நெய்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொடக்ககாலச் சிவப்பும் ஆரஞ்சும் ஈரம் பட்டதும் வெள்ளையில் இறங்கிவிடுகின்றன.

நீர் இப்போதுதான் கொட்டியது, நிறம் இறங்கத் தொடங்கிவிட்டது என்றால் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: காய விடாதீர்கள். கசிந்த சாயம் காய்ந்துவிட்டால் வெள்ளைக் கம்பளியிலும் அப்படியே பற்றிக்கொள்ளும். கம்பளத்தின் கீழே ஒரு வெள்ளைத் துண்டை வையுங்கள். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து அந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மேலிருந்து இன்னொரு வெள்ளைத் துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, அழுத்தி எடுக்க வேண்டும். துண்டு வெள்ளையாகவே வரும் வரை இரு துண்டுகளையும் மாற்றிக்கொண்டே இருங்கள். வினிகர் எதற்கென்றால், இந்த வகைச் சாயங்கள் அமிலச் சூழலில் கம்பளியை விட்டு இறங்கத் தயங்கும். பின்னர் கயிற்றுக் கட்டிலில் போட்டு மேலும் கீழும் மின்விசிறிக் காற்று பட உலர்த்துங்கள். மெதுவாகக் காய்ந்தால் நீர் ரோம நுனிக்கு ஏறும்போது சாயத்தையும் கூட இழுத்துக்கொண்டு ஏறும். வெயிலில் போட வேண்டாம்.

கறை பழையது என்றால் வீட்டில் எதுவும் செய்யாதீர்கள். குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்துவிடும், சொல்லுக்குச் சொல் உண்மை. நொதி கலந்த சலவைத்தூள் புரதக் கறையைச் செரிக்கத் தயாரானது, கம்பளியும் புரதமே. சமையல் சோடாவும் சலவைச் சோடாவும் காரம், அவை கம்பளியின் செதிலை விரித்துச் சாயத்தை இன்னும் தளர்த்தும். சில சலவைக்காரர்கள் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொண்டு சிவப்பை 'எடுத்துத் தருகிறேன்' என்பார்கள். அவுரியைக் கரைத்துச் சாயத் தொட்டி தயாரிப்பதற்குப் பயன்படும் வேதிப்பொருளும் அதுதான். பக்கத்திலிருக்கும் நீலம் என்ன ஆகும் என்று அவர்களிடம் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் கம்பளத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

நான் முதலில் வாங்கிய தெக்கே சுவால் முகப்பை, சோதனை எதுவும் செய்யாமல் ஒரு சலவைக் கடைக்குக் கொடுத்தேன். நீராவி வைத்துத் தந்தார்கள். தந்தம் போன்ற வெள்ளை எல்லாம் இளஞ்சிவப்பாகத் திரும்பியது. இப்போதும் அது என் அறைச் சுவரில் தொங்குகிறது. ஒவ்வொரு முறை வெள்ளைத் துணியை நனைக்கும்போதும் ஒரு முறை அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

ரோமம் ஆங்காங்கே மேய்ந்ததுபோல் இருக்கிறது

முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள். துணி அந்துப்பூச்சியின் புழு பட்டுப்போன்ற நூலால் சுரங்கம் பின்னி, அதற்குள் இருந்துகொண்டு ரோமத்தை வரிவரியாக மேயும். இன்னொரு வகை அந்து தன்னைச் சுற்றி ஒரு சிறு கூடு கட்டி, அதைச் சுமந்துகொண்டே நகரும். சிவப்புக் கம்பளத்தில் அந்தக் கூடும் சிவப்பாகவே இருப்பதால் கண் ஏமாறும். புழுக்கை மணல்போல் இருக்கும், அதுவும் தின்ற சாயத்தின் நிறத்திலேயே. பின்புறத்தில் சிவப்பு மணல் கண்டால் அது காராகும் மணல் என்று நம்பிவிடாதீர்கள். கம்பள வண்டின் புழு வேறு மாதிரி. உடலெங்கும் முள்மயிர், உதிர்த்துப்போட்ட பழுப்புத் தோல்கள் அருகே கிடக்கும், தின்ற இடமும் தனித்தனி ஓட்டைகளாக இருக்கும். வளர்ந்த வண்டு மகரந்தம் தேடி வெளிச்சத்துக்கு வரும். ஆகவே சன்னல் திட்டில் சிறு புள்ளி வண்டுகளைக் கண்டால் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்.

வீட்டுக்குள் பறக்கும் வெளிறிய பொன்னிற அந்துவை அடித்துக் கொன்றதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். வளர்ந்த அந்து எதையும் தின்பதில்லை, தின்பது புழுதான். பறப்பவை பெரும்பாலும் ஆண்கள். நாற்பது ஐம்பது முட்டைகளைச் சுமக்கும் பெண் அந்து இருட்டில் ஓடி ஒளிந்துகொண்டிருக்கும். சோபாவின் கீழே, அலமாரிக்குப் பின்னால், சுவரில் தொங்கும் கம்பளத்தின் முதுகில், யாரும் தொடாத இடத்தில் தேடுங்கள். காலடி படும் நடுப்பகுதியில் அது அநேகமாக இருக்காது. முகப்பு நன்றாகவே தெரிந்து, கையால் தடவியதும் ரோமம் கொத்தாகக் கழன்று வந்தால், புழு பின்புறத்திலிருந்து முடிச்சின் கழுத்தைத் தின்றிருக்கிறது. இது மிக மோசமான வகை, ஏனென்றால் கழன்று வரும் வரை எதுவும் தெரியாது.

செய்ய வேண்டியது இது. இரு பக்கமும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். சுழலும் தூரிகையைக் கழற்றிவிட்டு, ரோமம் சாயும் திசையில் மட்டும், குஞ்சத்தை விட்டுவிட்டு. பையை உடனே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். பிறகு குளிர். கம்பளத்தைச் சுருட்டி, தடித்த பாலிதீன் உறையில் காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி மூடுங்கள். மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் 30 கிடைத்தால் மூன்று நாள் போதும். வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுதும் அப்படியே வைத்தால் வியர்க்கும் ஈரம் உறையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும், கம்பளம் நனையாது. பைமுகப்புகள் வீட்டு உறைபெட்டியிலேயே அடங்கும். பெரிய கம்பளத்துக்கு ஐஸ்கிரீம் அல்லது மீன் வைக்கும் குளிர்க்கிடங்கை நாட வேண்டியிருக்கும். கூச்சப்படாமல் கேளுங்கள், வாடை ஏறாதபடி இரட்டை உறை போடுங்கள்.

அந்துருண்டை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பெயரிலேயே அந்து இருக்கிறது. ஆனால் அந்த ஆவி காற்றுப்புகாத பெட்டியில் நாள்பட அடைந்து கிடந்தால்தான் புழுவைக் கொல்லும். விரித்துக் கிடக்கும் கம்பளத்தின் கீழே நாலு உருண்டை போட்டால் நமக்குத் தலைவலி, புழுவுக்கு ஒன்றுமில்லை. நாப்தலீன் ஆவி சில குழந்தைகளின் ரத்த அணுக்களைச் சிதைக்கும் தன்மை உடையது, எனவே படுக்கையறையில் வேண்டவே வேண்டாம். வேப்பிலையும் வசம்பும் பட்டுப்புடவைப் பெட்டிக்கு நம் பாட்டிகள் வைத்தவை. அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டிகள் புடவைகளை அவ்வப்போது எடுத்து உதறிக் காற்றாட விட்டு மறுபடி மடித்தார்கள். காப்பாற்றியதில் அந்த உதறலுக்குத்தான் பெரிய பங்கு. கம்பளத்துக்கும் அதையே செய்யுங்கள். மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்தால் பூச்சி குடியேறாது.

தின்ற இடத்தில் மறுபடி முடிச்சுப் போடுவது பூச்சி முற்றிலும் ஒழிந்த பிறகுதான். அப்போது பழுதுபார்ப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி முடிச்சு வகை. சமச்சீர் முடிச்சு அடுத்தடுத்த இரு பாவு நூல்களையும் சுற்றும்; சமச்சீரற்றது ஒன்றை மட்டும் முழுதாகச் சுற்றி மற்றதன் பக்கம் திறந்திருக்கும். தெக்கே வேலையில் வலப்பக்கம் திறந்த சமச்சீரற்ற முடிச்சு. சலோரில் அது இடப்பக்கம் திறந்திருக்கும். சாரிக்கில் சமச்சீர் முடிச்சு, யோமுத்தில் இரண்டும் உண்டு. முடிச்சு மாறினால் ரோமம் வேறு பக்கம் சாய்ந்து, ஒட்டுப்போட்ட இடம் தூரத்திலிருந்தே தெரியும். நல்ல தெக்கே வேலையில் ஒரு சதுர அங்குலத்தில் 150, 200 முடிச்சுகள் இருப்பது சாதாரணம். ஆகவே உள்ளங்கை அளவு இடமே பல நாள் வேலை. சேதம் சிறியதென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். அதில் அவமானம் ஏதுமில்லை.

கரும்பழுப்பு நிறம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது

சிவப்பும் நீலமும் உயரமாக நிற்க, கோலத்தின் கரிய வரைகோடுகள் மட்டும் அடி தெரியும்படி போயிருக்கும். பூச்சி என்று பயந்து மருந்து தெளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூச்சிக்கு இத்தனை துல்லியமாகக் கோடு பார்த்துத் தின்னத் தெரியாது. கறுப்பும் கரும்பழுப்பும் மாதுளைத்தோல் போன்ற துவர்ப்புச் சரக்கோடு இரும்பு உப்பு சேர்த்துப் பெற்ற நிறங்கள். அந்த இரும்பு பல பத்தாண்டுகளாகக் கம்பளியை உள்ளிருந்தே அரித்து நொறுங்க வைக்கிறது. பலூச் கம்பளங்களில் இதை இன்னும் அதிகமாகக் காணலாம். இதற்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை. மற்ற நிறங்கள் புடைத்து நிற்பதால் செதுக்கிய பலகைபோல் ஓர் அழகு வந்துவிடுகிறது. கரிய பகுதியில் தூரிகை போடாதீர்கள், அதிகம் நனைக்காதீர்கள், மறுமுடிச்சுப் போட்டுச் 'சரி' செய்யாதீர்கள். கம்பளத்தின் வயதுக்கு இதுவும் ஒரு சாட்சி.

ரோம நுனி ஒரு நிறம், அடி வேறு நிறம்

இரு விரலால் ரோமத்தைப் பிளந்து வேர் வரை பாருங்கள். மூன்று விதமான காட்சிகள் கிடைக்கும்.

நுனி சாம்பல் அல்லது மண்நிறம், வேரில் பளிச்சிடும் ஊதா: தொடக்ககால ஆலைச்சாயம் வெளிச்சத்தில் வெளுத்திருக்கிறது. போனது போனதுதான். மேலும் வெளுக்காமலிருக்க வெயில் நேராக விழாத சுவருக்கு மாற்றுங்கள். அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவே வெளிச்சம் தருகின்றன, நம் வீட்டுச் சன்னலோரம் அதைவிடப் பல மடங்கு.

முகப்பு முழுவதும் ஒரே சீராகப் பொன்னிறம், பின்புறம் சிவப்பு: இது வெயில் செய்த வேலை அல்ல. ஆப்கானிய எர்சாரிக் கம்பளங்களின் ஆழ்ந்த சிவப்பு மேற்கு நாட்டு வரவேற்பறைகளுக்குப் பிடிக்கவில்லை என்று குளோரினில் அலசி வெளுத்து, 'தங்க ஆப்கன்' என்று விற்றார்கள். 1960களிலும் 70களிலும் இது பெருவழக்காக இருந்தது. கம்பளி எண்ணெய்ப்பசை இழந்து வைக்கோல்போல் இருக்கும். நடமாட்டமுள்ள இடத்தில் விரிக்காதீர்கள், வேகமாகத் தேய்ந்துவிடும். அந்தச் சிவப்பை மீண்டும் ஏற்றித் தருகிறேன் என்பவரிடமும் தர வேண்டாம்.

மூன்றாவது இதற்கு நேரெதிர்: ரோமம் தேய்ந்து பாவு தெரிய வேண்டிய இடத்தில் பாவே சிவப்பாக இருக்கிறது. பாவுக்குச் சாயம் ஏற்றும் வழக்கம் இல்லை. விற்பதற்கு முன் யாரோ மை பூசி மறைத்திருக்கிறார்கள். ஈர வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்தால் ஒட்டி வந்துவிடும். வாங்குவதற்கு முன் என்றால் விலகிவிடுங்கள். ஏற்கெனவே உங்களுடையது என்றால் அதை நனைக்காமல் மட்டும் வைத்திருங்கள்.

ஒரே சிவப்பு பட்டை பட்டையாக மாறுகிறது

குறையே அல்ல. குறுக்கே நேர்கோட்டில் மாறினால், நெய்து கொண்டிருந்தவர் ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்து அடுத்ததை எடுத்திருக்கிறார். கம்பளக்காரர்கள் இதை 'அப்ரஷ்' என்பார்கள். கோடை மேய்ச்சலுக்குப் போகும் வழியில் தறியைச் சுருட்டி மறுபடி முளையடித்த இடம்கூட அதுவாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

வெள்ளைப் புள்ளிகள் முளைத்திருக்கின்றன

தேய்ந்த கம்பளத்தில் அரிசிமணிபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை பாவில் நூல் அறுந்த இடத்தில் நெய்தவர் போட்ட முடிச்சுகள். ரோமம் உயரமாக இருந்தவரை மறைந்திருந்தன. பிடித்து இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். வெட்டினால் பாவு அறுந்து ஓட்டை விழும். மழுங்கிய ஊசியால் பின்பக்கம் மெல்லத் தள்ளிவிடலாம். ஆனால் ரோமத்திலிருந்து ஓர் இழை மட்டும் நீண்டு நின்றால் அதைக் கத்தரிக்கோலால் மற்றதோடு சமமாக நறுக்கலாம்.

தலைப்பு பிரிந்து வரிசை வரிசையாக முடிச்சு உதிர்கிறது

பூச்சியைப்போல் இதுவும் நிற்காமல் பரவும், ஆகவே இன்றே கவனியுங்கள். துருக்மேன் கம்பளத்தின் இரு தலைப்பிலும் முடிச்சில்லாத தட்டையான நெசவு இருக்கும், நம் ஜமுக்காளம்போல. முடிச்சு வரிசைகளைப் பூட்டி வைத்திருப்பது அதுதான். அது தேய்ந்து போனதும் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், நழுவும், கடைசி வரிசை முடிச்சுகள் கழலும், பிறகு அடுத்த வரிசை. சில ஆண்டுகளில் கரைக்கோலமே காணாமல் போகும்.

தேவைப்படுவது பாவின் நிறத்துக்குப் பொருந்தும் கம்பளி நூலும் தடித்த ஊசியும். விளிம்பைச் சுற்றி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில், ஊடைகளை வளைத்துப் பிடிக்கும்படி சுற்றுத்தையல் போடுங்கள். ஊசி இறங்கும் ஆழத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும்: ஒரு குத்து மூன்று ஊடை ஆழம், அடுத்தது ஐந்து, மறுபடி மூன்று. எல்லாக் குத்தும் ஒரே கோட்டில் விழுந்தால், அஞ்சல்தலையைக் கிழிப்பதுபோல் அந்தக் கோட்டிலேயே கிழிந்து போகும். இழுவை மிதமாக இருக்கட்டும். இறுக்கினால் விளிம்பு சுருங்கிக் கம்பளம் படகுபோல் வளையும். மீந்திருக்கும் தட்டை நெசவில் ஒரு விரற்கடை இருந்தாலும் வெட்டி நேராக்காதீர்கள், அது முதல் நெசவு. கடைகளில் கிடைக்கும் புதுக்குஞ்சத்தை வைத்துத் தைப்பதும், இயந்திரத்தில் ஓரம் அடிப்பதும், பசை தடவுவதும் எனக்கு வேதனை தரும் காரியங்கள். பசை காய்ந்து கெட்டியானதும், அதை ஒட்டி வளையும் கம்பளி ஒடியும்.

பக்கவாட்டுக் கரை பிரிந்திருந்தால் அதே வகை நூலால் பழைய சுற்றுப்படியே சுற்றலாம். எர்சாரியிலும் பலூச்சிலும் கரை கரிய வெள்ளாட்டுமயிரால் சுற்றப்பட்டிருக்கும். அங்கே செம்மறிக் கம்பளி வைத்தால் பளபளப்பு மாறி உறுத்தும்.

ஓரம் சுருள்கிறது, தரையில் படிய மறுக்கிறது

தரைத்தறியில், பிரித்து மறுபடி கட்டிய பாவில் நெய்தவை இவை. அகலம் ஒரு முனையில் கூடுதலாகவும் மறுமுனையில் குறைவாகவும் இருப்பதும், நடுவில் சிறு மேடு நிற்பதும் பிறவிக் குணம். பழகிக்கொள்ளுங்கள். ஓரம் உள்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் கரை இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும், அல்லது பின்னால் யாரோ இறுக்கித் தைத்திருப்பார்கள். புதுத்தையல் என்றால் பிரித்துத் தளர்த்தித் தையுங்கள். பிறவிச் சுருள் என்றால், சாயச் சோதனையில் எதுவும் கசியவில்லை என்று உறுதியான பிறகு, பின்புறத்தில் மட்டும் தெளிப்பானால் லேசாக ஈரப்படுத்தி, முகம் கீழாகக் கிடத்தி, ஓரத்தின் மேல் வெள்ளைத்துணி விரித்துப் பலகையும் கனமான புத்தகங்களும் அடுக்கி இரண்டு நாள் விடுங்கள். சூடான இஸ்திரிப் பெட்டி வேண்டாம். ஆணியடித்து நீட்டுவது தேர்ந்தவர் கையில் மட்டும்.

மடக்கினால் சடசடக்கிறது, அல்லது வாடை வருகிறது

சடசடப்பு கேட்டதும் மடக்குவதை நிறுத்துங்கள். அது இழை ஒடியும் ஓசை. ஈரம் பல மாதம் தங்கி அடிநெசவு மக்கியிருக்கிறது. பூந்தொட்டி வைத்த இடத்தில் வட்டமாக இது வரும். பருத்திப் பாவில் மிக எளிதாக, கம்பளிப் பாவிலும் கவனமில்லாவிட்டால். மக்கிய இடத்தைக் கழுவக் கூடாது. நெகிழ்ந்த பருத்தித் துணியைப் பின்புறம் வைத்து, நல்ல பகுதியில் ஊசி இறங்கும்படி தைத்துத் தாங்கல் கொடுக்கலாம். அதன் பிறகு அது நடக்கும் கம்பளம் அல்ல, பார்க்கும் கம்பளம்.

சடசடப்பு இல்லை, பூசண வாடை மட்டும் என்றால் நேரம் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூசணம் பிடிக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது தினசரி நிலை. வறண்ட பாலைக் காற்றுக்குப் பழகிய கம்பளத்துக்கு அது கடினமான காலம். மழை தொடங்கும் முன்பே கம்பளங்களைத் தூக்கி, தரைக்கும் கம்பளத்துக்கும் இடையே காற்று போகும்படி வையுங்கள். வெளிப்புறச் சுவரில் தொங்குபவற்றை உள்சுவருக்கு மாற்றுங்கள். பாலிதீனில் கட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபடும். துவைத்த பருத்தி வேட்டியில் சுருட்டி வைப்பது நல்லது. மடிக்க வேண்டாம், சுருட்டுங்கள். பூசணம் தெரிந்தால் முகமூடி அணிந்து, திறந்த வெளியில், நிழலில் உலர்த்தி, மென்மையாக உறிஞ்சி எடுங்கள்.

நாய், பூனை சிறுநீர் வாடை தனி வகை. புதிதாக இருக்கும்போது அமிலமாக இருந்து, நாள்பட்டால் காரமாக மாறும். அதனால் கம்பளத்தின் மற்ற இடங்களில் கசியாத சாயம் அந்த இடத்தில் கசியும். சோதனையை அதே இடத்தில் தனியாகச் செய்யுங்கள். கசிந்தால், முழுக் கம்பளத்தையும் ஓடும் நீரில் அலசி விரைவாக உலர்த்தத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். வாசனைத் தெளிப்பான் எதையும் அடிக்க வேண்டாம்.

கோலம் நடுவில் தடுக்கி நிற்கிறது

துருக்மேன் கம்பளத்தில் 'குல்' எனப்படும் எண்கோண உருக்கள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொரு குலத்துக்கும் தனி வடிவம். துருக்மெனிஸ்தான் 1992இல் தன் கொடியிலேயே ஐந்து குல்களைப் பதித்துக்கொண்டது. அந்த வரிசை ஓரிடத்தில் குட்டையாகிவிட்டாலோ, ஒரு பக்கக் கரைக்கோலம் மட்டும் இல்லாமல் போனாலோ, பின்புறத்தில் அந்த இடத்தை விரலால் தடவுங்கள். தடித்த தையல்கோடு தட்டுப்பட்டால் நடுவில் கெட்ட பகுதியை வெட்டி எடுத்து மீதியைச் சேர்த்திருக்கிறார்கள். விலையில் இது பெரிய வித்தியாசம். வாங்கும்முன் கேட்டுப் பேசுங்கள்.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருப்பது என்றால் அந்தத் தையலைப் பிரிக்க வேண்டாம். நூல் இற்றிருந்தால் மட்டும் அதே துளைகளில் புதுக் கம்பளி நூலை ஓட்டுங்கள், புதிய துளை போடாமல். என்னிடம் இருக்கும் என்சி அப்படி நடுவில் ஒரு கை அகலம் இழந்தது. கூடார வாசலில் ஒரு காலத்தில் காற்றைத் தடுத்து நின்ற துணி அது. வருடத்துக்கு இரண்டு முறை அதைக் கவிழ்த்துப் போட்டு, அந்தத் தையல்கோட்டை முனையிலிருந்து முனை வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி சுவரில் மாட்டுகிறேன்.